பத்தொன்பது அங்குலப் பெட்டி

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா ஆனி மாதத்தில் 16 நாள் நடக்கும். அந்த நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் படகில் ஏறாத சாமானே இல்லை எண்டு தோன்றும். அரிசி மூட்டை, வாழைக்குலை, கடை போடுற தகரம், பந்தல் சாமான். இவற்றோடு, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கறுப்புப் பெட்டி ஒன்றும் சில வேளை போகும். மூலைகளில் இரும்புக் காப்பு, முன்னுக்கும் பின்னுக்கும் கழற்றக்கூடிய மூடி. மூடியைக் கழற்றினால் உள்ளே கருவிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேலே ஈக்குவலைசர், அதுக்குக் கீழ் கொம்பிறெஸர், குறொஸ்ஓவர், அடியில் பாரமான அம்ப்ளிபயர்கள். சவுண்ட் சேர்விஸ்காரர் இதை 'றேக்' எண்டு சொல்லுவினம்.

அந்தக் கருவிகளை ஆர் செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும், முகப்புத் தகட்டின் அகலம் 19 அங்குலம். உயரம் 1.75 அங்குலத்தின் மடங்கு. ஏன் 18 இல்லை, ஏன் 20 இல்லை? வரலாறு படிக்கிற எங்களுக்குக் கல்வெட்டைக் கண்டால் கேள்வி வரும், காசைக் கண்டால் கேள்வி வரும். இரும்புப் பெட்டியைக் கண்டால் வருவதில்லை. வரவேணும் எண்டுதான் இதை எழுதுகிறேன்.

19 அங்குலம் கோயிலில் இருந்தும் வரவில்லை, பாட்டுக் கச்சேரியில் இருந்தும் வரவில்லை. 1922 அளவில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பனி தன்னுடைய நிலையங்களுக்காகக் கொண்டுவந்த அளவு அது. தூர இடத்துக்குப் போகும் குரல் கம்பியில் தேய்ந்துகொண்டே போகும். இடையிடையே வால்வு வைத்த பெருக்கிகளைப் போட்டு அதை மீண்டும் தூக்கிவிட வேண்டும். அவற்றுக்கு 'றிப்பீற்றர்' எண்டு பெயர். அப்படிப்பட்ட கருவிகள் கூடிக்கொண்டே போக, நிலையத்தில் இடம் போதாமல் வந்தது. ஆகவே நிமிர்ந்த இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவில் ஒரே அகலமான தகடுகள். ஒரு தகடு பழுதென்றால் நாலு ஆணியைக் கழற்றி அதை மட்டும் எடுக்கலாம், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசி வசனம்தான் முக்கியம். றேக் என்பது சாமான் அடுக்குகிற அலுமாரி இல்லை. பழுது பார்க்கிறவனை மனதில் வைத்து உண்டாக்கப்பட்ட பொருள் அது.

பெட்டிக்குள் இருக்கிற பெயர்களும் அதே இடத்தில் இருந்துதான் வந்தன. ஈக்குவலைசர் எண்டால் இண்டைக்குப் பேஸ் கூட்டுற சாமான் எண்டு நினைக்கிறம். கம்பியில் போகும்போது கீச்சான ஒலிகள் கூடவும் தடித்த ஒலிகள் குறையவும் தேயும். அந்த வித்தியாசத்தைச் சமப்படுத்த வைத்த சுற்றுத்தான் ஈக்குவலைசர், பெயரின் அர்த்தமே அதுதான். டெசிபெல் என்ற அளவு 1920களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியியலாளர்கள் கம்பித் தேய்மானத்தை அளக்க உருவாக்கினது, அதில் இருக்கிற 'பெல்' கிரகாம் பெல். மைக்குக்கும் கிற்றாருக்கும் குத்துகிற தடித்த ஜாக் முனை, 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி சுவிச்போட்டில் பெண்கள் இழுத்து இழுத்துக் குத்தின அதே முனை.

பழுது தேடுகிற முறையும் அவர்களுடையதே. மைக்கில் இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எட்டுக் கட்டம் இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கோ. சத்தம் வரவில்லை. பழகாதவர் முதலாவதில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் எட்டாவதில்தான் பழுது பிடிபடும். பழகினவர் நடுவில் தொடங்குவார். நாலாவது கட்டத்தின் வெளியில் சிக்னல் இருக்கிறதா? இருந்தால் முதல் பாதி சுகம், பழுது மற்றப் பாதியில். அந்தப் பாதியின் நடுவில் திரும்பவும் அதே கேள்வி. எட்டுக் கட்டத்துக்கு மூன்று சோதனை போதும். கம்பி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு தூணிலும் ஏறாமல் நடுத்தூணில் ஏறின தந்தி லைன்காரரின் கணக்கு இது. கடலடிக் கம்பிக்கு அந்த வசதியும் இல்லை. கரையில் இருந்தபடியே கம்பியின் மின்தடையை அளந்து, மைலுக்கு இவ்வளவு எனப் பிரித்து, பழுது எத்தனையாவது மைலில் என்று சொன்னார்கள்.

இலங்கையிலும் கதை தந்திக் கந்தோரில்தான் தொடங்குகிறது. 1921இல் கொழும்புக்கு வந்த எட்வேர்ட் ஹார்ப்பர் தந்தித் திணைக்களத்தின் பிரதான பொறியியலாளர். 1923இல் அவரும் அவருடைய ஆட்களும் மத்திய தந்திக் கந்தோரின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார்கள். அதற்கான கருவியைப் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களை வைத்துக் கட்டினார்கள். 1925 டிசம்பரில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் இயங்கிய பலம்கூடின வானொலி பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்தது, அதுதான் ரேடியோ சிலோனை இந்தியா முழுக்கக் கேட்க வைத்தது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் நெடுந்தீவிலும் கேட்டது, தமிழ்நாட்டிலும் கேட்டது. இதை எல்லாரும் பெருமையாகச் சொல்லுவம். அந்தக் குரலைக் கொண்டுபோன கருவிகளைப் பார்த்துக்கொண்டு பின்னுக்கு நின்றவர்களைப் பற்றி ஆரும் பேசுகிறதில்லை.

நெடுந்தீவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே ஒல்லாந்தர் காலத்தது என்று காட்டப்படுகிற புறாக்கூடு ஒன்று நிற்கிறது. வட்டமான தூண், தலைப்பக்கத்தில் சின்னச் சின்னப் பொந்துகள். யாழ்ப்பாணத்துக்குச் செய்தி கொண்டுபோகப் புறா வளர்த்த இடம் என்று ஊரில் சொல்லுவார்கள். சுற்றுலா வருகிற எல்லாரும் அதுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறோம். அதே தீவில் ஒரு பழைய வால்வு அம்ப்ளிபயர் ஆற்றையேன் வீட்டு அறைக்குள் கிடந்தால், அது பழைய இரும்புக்காரனுக்குத்தான் போகும்.

சரி, பெட்டிக்குத் திரும்புவம். பழுது பார்க்கிறவனிடம் ஆகக் குறைந்தது என்ன இருக்க வேணும்? ஒரு மீற்றர். அதுக்கும் தந்திக்காரர்தான் காரணம். டொனால்ட் மக்காடி என்ற பிரித்தானிய தபால் துறைப் பொறியியலாளர், மின்னோட்டத்துக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, தடைக்கு ஒன்று என மூன்று கருவி சுமந்து அலுத்துப்போய், மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டார். 1923இல் அது 'ஏவோ மீற்றர்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அம்பியர், வோல்ற், ஓம் ஆகியவற்றின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். பிரித்தானியக் கொடி பறந்த இடமெல்லாம் அந்தக் கறுத்தப் பெட்டி போனது. அடுத்தது, தெரிந்த ஒரு சத்தத்தை உண்டாக்கித் தருகிற கருவி. 1939இல் ஹியூலெற், பக்கார்ட் என்ற இரண்டு பேர் தொடங்கிய கம்பனியின் முதல் சாமான் அப்படியான ஒரு ஒலி அலையாக்கிதான், வோல்ற் டிஸ்னி தன்னுடைய 'பன்ராசியா' படத்துக்காக எட்டு வாங்கினார். ஒரு பக்கத்தால் தெரிந்த ஒலியை விடு, மறுபக்கத்தால் எவ்வளவு வருகிறது என்று அள. ஒலிக்கருவிச் சோதனை முழுவதும் அடிப்படையில் இவ்வளவுதான்.

எங்களுக்குக் கிட்ட நடந்த ஒன்றையும் சொல்லவேணும். 1963 முதல் 1965 வரை ரே டொல்பி என்ற அமெரிக்கர் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தார். ரேப்பில் பதியும்போது பின்னால் கேட்கிற அந்த 'ஸ்ஸ்' இரைச்சலைக் குறைக்க வழி ஒன்று அங்கே இருந்தபோதுதான் அவருக்குப் பிடிபட்டது. 1965இல் லண்டனில் கம்பனி தொடங்கினார். முதலில் வந்த ஏ301 என்ற கருவி ஸ்ரூடியோக்களின் றேக்கில் பூட்டுகிற சாமான். அதன் சூட்சுமம் இதுதான்: மெல்லிய ஒலிகளைப் பதியும்போது தூக்கிப் பதி, போடும்போது அதே அளவு இறக்கு, இறக்கும்போது இரைச்சலும் சேர்ந்து இறங்கும். ஆனால் தூக்கின அளவும் இறக்குகிற அளவும் ஒத்துப் போக வேண்டும். அதுக்காகவே ரேப்பின் தொடக்கத்தில் ஒரு அடையாள ஒலியைப் பதிந்து விடுவார்கள், மீற்றர் முள் அந்தக் கோட்டில் நிற்கும்வரை திருகவேணும். எங்கட அப்பா அம்மா காலத்து கசெற் டெக்குகளில் 'டொல்பி' எண்டொரு பொத்தான் இருந்ததே, அது இதன் சின்னத் தம்பி. அதை அமத்தினால் சத்தம் அடைச்ச மாதிரிக் கேட்குது எண்டு பலர் நிற்பாட்டியே வைத்திருந்தார்கள். பெரும்பாலும் பொத்தானில் பிழை இல்லை. டொல்பி இல்லாமல் பதிந்த கசெற்றை டொல்பி போட்டுக் கேட்டதுதான் பிழை.

இப்ப தீவுக்குள் பெட்டியை இறக்குவம். முதல் வேலை கருவியை 'ஓன்' பண்ணுறது இல்லை. முதல் வேலை கறண்டை அளக்கிறது. இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மூன்று கட்ட மின்சாரம் வருகிற இடத்தில் நியூற்றல் கம்பி கழன்றிருந்தால் சுவரில் இருக்கிற ஒரு பிளக்கில் 230க்குப் பதிலாக 400க்குக் கிட்ட வரக்கூடும். ஒரு நிமிசத்தில் முழு றேக்கும் போய்விடும். ஜெனறேற்றர் எண்டால் இன்னொரு பிரச்சினை. வீதி விளக்கு அலங்காரம் முழுக்க ஒரேயடியாகப் பத்த, இயந்திரத்தின் சுற்று ஒருகணம் இறங்கும், அழுத்தமும் இறங்கும். பழைய அம்ப்ளிபயர் அதைத் தாங்கிவிடும். உள்ளே சின்னக் கணினி இருக்கிற கருவி 'றீசெற்' ஆகிவிடும், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பத்து செக்கன் அமைதி.

பிறகு எர்த். நெடுந்தீவு முருகைக்கல் நிலம், வேலி கூட அந்தக் கல்லை அடுக்கித்தான். எர்த் கம்பி இறக்கக் கடப்பாரையால் குத்தினால் கல்லில் முட்டி நிற்கும். ஆனி ஆடியில் மேல்மண்ணும் காய்ந்து கிடக்கும், காய்ந்த மண் மின்சாரத்தை நல்லாய்க் கடத்தாது. தோண்டின குழிக்குள் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற பழைய வழி இதுக்குத்தான். எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' எண்டு ஒரு முனகல் வரும், ஹம் எண்டு சொல்லுறது. இந்த முனகலைக் காது கூர்ந்து கேட்டால் அதுவே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். 50 ஹேர்ட்ஸ் தடித்த முனகல் என்றால் பெரும்பாலும் வயரில் அல்லது எர்த் வளையத்தில் பிரச்சினை. அதைவிடக் கொஞ்சம் உரப்பாக 100 ஹேர்ட்ஸில் இரைந்தால் கருவிக்குள் இருக்கிற மின்வழங்கியின் கொண்டென்சர் காய்ந்திருக்கக்கூடும்.

எர்த் வளையம் எண்டால் என்ன? மிக்சர் ஒரு பிளக்கில், றேக் வேறொரு பிளக்கில். இரண்டுக்கும் சுவர் வழியாக எர்த் இருக்கிறது, ஓடியோ வயரின் வெளிக்கவசம் வழியாகவும் ஒரு தொடர்பு இருக்கிறது. இந்த வட்டத்தில் ஓடுகிற சின்ன மின்னோட்டம்தான் முனகல். இதுக்கு எல்லா ஊரிலும் ஒரு கள்ள வைத்தியம் உண்டு: பிளக்கின் எர்த் முனையைக் கழற்றி விடுறது. முனகல் நின்றுவிடும். ஆனால் பிறகு ஒரு நாள் கருவிக்குள் கம்பி கழன்று தகட்டில் பட்டால், மைக்கைப் பிடித்திருக்கிறவரின் உடம்புதான் எர்த். மழை பெய்த வெளிவீதியில் வெறுங்காலோடு நிற்கிற ஆட்களை நினைத்துப் பாருங்கோ. செய்யவேண்டியது இரண்டையும் ஒரே இடத்தில் இருந்து கறண்ட் எடுக்கிறது, அல்லது நடுவில் ஒரு ஐசொலேசன் ட்றான்ஸ்போமர் போடுறது.

பல காலமாக இந்த முனகலுக்கு வயர் போட்டவன்தான் குற்றவாளி. 1995இல் நீல் மன்சி என்பவர் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை அந்தக் குற்றச்சாட்டைத் திருப்பிப் போட்டது. மூன்று முனைக் கனன் பிளக்கில் ஒன்றாம் முனை வயரின் கவசத்துக்கானது. அது கருவியின் இரும்பு உடலோடு நேரே சேர வேண்டும். ஏராளமான கம்பனிகள் அதை உள்ளே இருக்கிற சுற்றுப் பலகையோடு சேர்த்திருந்தார்கள், ஆகவே வெளியில் இருந்து வருகிற குப்பை முழுவதும் சிக்னலுக்குள் போனது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. 12 வோல்ற் சின்ன ட்றான்ஸ்போமர், ஒரு தடை, இரண்டு முள். ஒன்றாம் முனைக்கும் கருவியின் உடலுக்கும் இடையில் கொஞ்ச மின்னோட்டத்தை விடு, ஸ்பீக்கரில் முனகல் கேட்டால் கருவிதான் பிழை. விலை கூடின, பெயர் போன பெட்டிகளும் இந்தச் சோதனையில் தோற்றன.

1995. அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள்ளால் தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அதுக்கு முன்னமே, 1990க்கும் 1991க்கும் இடையில், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்தில் இருந்து ஆயிரக்கணக்கான சனம் இராணுவ நடவடிக்கைகளால் வெளியேறிவிட்டது. தீவை விட்டு வெளிக்கிடுகிறவன் றேக் தூக்கிக்கொண்டு போகமாட்டான்.

இந்தக் காலம்தான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதி. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரம் நின்றது. அது திரும்பி வந்தது 2010களில்தான். அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் பெற்றோல், சீமெந்து, உரம் மட்டும் இல்லை, ரோர்ச் பற்றரியும் இருந்தது. ஒரு பற்றரி கூட இல்லாத ஊரில் எப்படி பிபிசி தமிழோசையையும் மணிலாவில் இருந்து வந்த வெரித்தாஸையும் கேட்பது? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, லைற்றுக்கு இருக்கிற டைனமோவால் றேடியோவை இயக்கினார்கள். எங்கட வீடுகளில் கேட்டுப் பாருங்கோ, சுற்றினவை இப்பவும் இருக்கினம்.

வழக்கமாக இந்தக் கதையைச் சொல்லி 'என்ன கெட்டித்தனம்' எண்டு முடித்து விடுவம். அது போதாது. உள்ளே என்ன நடந்தது என்று பாருங்கோ. டைனமோ தருவது 6 வோல்ற் மாறுமின்னோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். ஆகவே நாலு டையோட் வைத்து திருத்தவேணும். திருத்தினது துடித்துத் துடித்து வரும், அதை ஆற்றக் கொண்டென்சர் போடவேணும். கொண்டென்சர் சின்னதாக இருந்தால் செய்தியோட சேர்ந்து முனகல் கேட்கும். சுற்றுகிற வேகம் கூடினால் அழுத்தம் ஏறும், ட்றான்சிஸ்ரர் போய்விடும். ஆகவே ஒருவர் சுற்ற, மற்றவர் காதை ஸ்பீக்கரில் வைத்து 'மெல்ல, மெல்ல' எண்டு சொல்ல வேணும். கசெற் எண்டால் இன்னும் கஷ்டம், அழுத்தம் விழ மோட்டார் இழுபடும், பாட்டுக்காரரின் சுருதி இறங்கும். சுருதி இறங்குவதைக் கேட்டே எவ்வளவு வோல்ற் குறைந்தது என்று கணக்குப் போடலாம். மின்வழங்கி, வடிகட்டல், அழுத்தக் கட்டுப்பாடு, இரைச்சல்: மன்சி எழுதின சஞ்சிகையில் வருகிற அத்தனை தலைப்பும் அந்த முற்றத்தில் இருந்தது. பாகம் வாங்கக் கடை இல்லை. ஒரு பழுதான றேடியோவைக் கழற்றி இன்னொன்றுக்குப் பாகம் எடுத்தார்கள். கழற்றுகிறபோது எது என்ன வேலை செய்கிறது என்றும் விளங்கியது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டின அதே ஊர் அது.

எனக்கு இதில் ஒரு பிணக்கு இருக்கிறது. இப்படியான கதைகளைத் தடையின் 'நன்மை' மாதிரி சிலர் சொல்லுவினம், கஷ்டம் வந்தால்தான் மூளை வேலை செய்யும் எண்டு. அது பிழை. அந்தப் பெடியங்களுக்கு ஒரு ஒழுங்கான மீற்றரும், ஒரு ஒலி அலையாக்கியும், ஒரு கட்டு ஈயமும் கிடைத்திருந்தால் அவர்கள் டைனமோவோடு நின்றிருக்க மாட்டார்கள். அதோடு அந்த அறிவு எங்கேயும் பதியப்படவும் இல்லை. அவர்களில் பலர் இண்டைக்கு ரொறன்ரோவிலும் பாரிசிலும் வேறு வேலை செய்கிறார்கள்.

யுத்தம் முடிந்தபிறகு திருவிழாக்களும் திரும்பின, வெளிநாட்டுக் காசும் வந்தது, அதோடு பெரிய றேக்குகளும் வந்தன. தீவு மின்சாரம் மட்டும் தனிக் கதையாகவே இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையில் இல்லை, டீசல் இயந்திரங்கள்தான். சூரியசக்தி, காற்று, பற்றரி சேர்ந்த கலப்பு மின் திட்டம் ஒன்று 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. 2022இல் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது, 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற் மணி பற்றரி, தேவைக்கு 2,500 கிலோவாற் டீசல். பத்திரிகைகள் இதைப் புவிசார் அரசியல் என்று எழுதின. சவுண்ட் சேர்விஸ்காரருக்கு இது வேறு கேள்வி. டீசல் இயந்திரத்தின் தள்ளாட்டம் குறையலாம். அதே நேரம் சூரியசக்தியை மாற்றித்தருகிற இன்வேர்ற்றர்கள் வேகமாகத் திறந்து மூடுகிற சுவிச்சுகள், அவற்றின் கூர்மையான இரைச்சல் மின்கம்பி வழியே வரக்கூடும். ஒன்றாம் முனை பிழையாகப் பூட்டின பழைய ஈக்குவலைசர் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

உப்புக் காற்றையும் விடக்கூடாது. கடல் தாண்டிப் போய் 16 நாள் வெளியில் நின்ற கனன் முனைகளிலும் ஜாக் குழிகளிலும் பச்சை பூக்கும். அப்படியான பழுது நின்று நின்று வரும், தட்டினால் சரியாகும், மூடியைப் பூட்டினால் திரும்ப வரும். நடுவில் தொடங்குகிற கணக்கு இங்கே உதவாது, ஏனென்றால் நீங்கள் சோதிக்கிற நேரம் அது சுகமாக இருக்கும். ஒரு ஒலியை விட்டுவிட்டு ஒவ்வொரு முனையாக ஆட்டிப் பார்க்கவேணும். பொறுமைதான் கருவி.

தவிலுக்கு லிமிட்டர் வைக்கிறதும் ஒரு தனிக் கலை. வலந்தலையில் விழுகிற அடியின் உச்சம் மீற்றர் முள் அசைய முன்னமே ஸ்பீக்கரைக் கிழித்துவிடும். லிமிட்டர் அதை வெட்டவேணும், ஆனால் மெல்ல விட்டால் பக்கத்தில் ஊதுகிற நாதஸ்வரமும் ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி அமுங்கி எழும்பும். எத்தனையோ திருவிழா வீடியோக்களில் இந்த அமுக்கம் கேட்கிறது. கேட்டுப் பாருங்கோ, ஒருக்கால் கேட்டால் பிறகு கேட்காமல் இருக்க ஏலாது. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று சொன்னதற்குப் பிறகு, லிமிட்டர் ஸ்பீக்கரை மட்டும் அல்ல, உபயகாரரையும் காப்பாற்றுகிற சாமான். அதை இன்னும் பூட்டுப் போட்டு வைக்காதது ஏன் எண்டு கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்கள், நியாயம்தான்.

இப்ப றேக்கே சுருங்கி வருகிறது. 1971இல் லெக்சிக்கன் கம்பனி ஒலியை இலக்கமாக மாற்றித் தாமதிக்கிற முதல் கருவியை விற்றபோது அதுவே ஒரு முழுப் பெட்டி. 30 பாகையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் போகும். ஆகவே 50 மீற்றர் தள்ளி வைத்த ஸ்பீக்கரை 143 மில்லிசெக்கன் பிந்தவைத்தால்தான் பின்னுக்கு நிற்கிற சனத்துக்கு ஒரு சொல் இரண்டாகக் கேட்காது. இண்டைக்கு அந்தத் தாமதம், ஈக்குவலைசர், கொம்பிறெஸர், குறொஸ்ஓவர், லிமிட்டர் எல்லாம் 1.75 அங்குல உயரத்தில் ஒரே கருவிக்குள், போனில் விரலால் தள்ளினால் சரி. படகில் தூக்குகிறவனுக்கு இது பெரிய உதவி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டுக் கட்டம் ஒரு கட்டமாகிவிட்டது. நடுவில் ஜாக் குத்திப் பார்க்க நடு என்று ஒன்று இல்லை. உள்ளே பலகை போனால் முழுப் பெட்டியும் கொழும்புக்குப் போகவேணும், சில வேளை அங்கேயும் 'மாத்துங்கோ' எண்டுதான் சொல்லுவினம். அமைப்புகளை ஆரும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால், ஏன் அப்படி வைத்தார் என்பதும் அவரோடு போய்விடும்.

பழைய ஈக்குவலைசரில் 31 வழுக்கிகள், ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று கண்ணால் தெரியும். கோயிலுக்குக் கோயில் வேறு அமைப்பு, ஆகவே முகப்பில் மாஸ்கிங் ரேப் ஒட்டி, பேனையால் குறி போட்டு, பக்கத்தில் 'வெளிவீதி', 'வசந்த மண்டபம்' என்று எழுதி வைப்பார்கள். கூவல் வந்த இடத்தில் ஒரு புள்ளி. கல் மண்டபத்துக்குள் எந்த ஒலி முட்டித் திரும்பியது, எந்த ஆண்டு மண்டபத்தைக் கட்டிப் பெருப்பித்த பிறகு குறி இடம் மாறியது, எல்லாம் அந்தத் துண்டில் இருக்கும். நாகபூசணி அம்மன் கோயிலில் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. கப்பல் உடைந்தால் சரக்கில் எவ்வளவு பங்கு அரசனுக்கு, எவ்வளவு உடையவனுக்கு என்று அது சொல்கிறது. அதைப் படியெடுக்க ஆட்கள் வந்தார்கள், வருவார்கள். மாஸ்கிங் ரேப்பை அடுத்த திருவிழாவுக்கு முதல் நாள் நகத்தால் சுரண்டிக் கழற்றிவிடுகிறார்கள். தீவுப்பக்கம் போறவை, கையில் போன் இருக்கிறதுதானே, கழற்ற முன் ஒரு படம் எடுத்து வையுங்கோ. எந்தக் கோயில், எந்த ஆண்டு எண்டதையும் பின்னால் எழுதி வைத்தால் நல்லம்.